சிவக்காத தொட்டிகள்

வீட்டில் அவளுக்குப் பாசிக்காரி என்றுதான் பெயர். ஆய்வுக்கூட வேலையை விட்டுவிட்டு, வாடகைக் கிடங்கில் கண்ணாடித் தொட்டிகள் வைத்து நுண்பாசி வளர்த்தாள். நைட்ரேட் உப்பு கிடைக்கும்வரை அது பச்சையாகப் பெருகும். உப்பை நிறுத்தி வெளிச்சத்தைக் கூட்டினால் பெருகுவதை விட்டுவிட்டு, தன்னைக் காத்துக்கொள்ள ஒரு சிவப்புச் சத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும். உடம்புக்கு நல்லதென்று ஜனங்கள் தேடி வாங்குவது அந்தச் சிவப்பைத்தான்.

"மனுஷன் பட்டினி கெடந்தா வெளுத்துப் போவான். உன் பிள்ளைங்க என்னடின்னா சிவக்குதுங்க!" என்று அக்கா சிரிப்பாள். காயவைத்து அரைப்பது, மாத்திரைக் கூடுகளில் அடைப்பது, கடைகளுக்கு அனுப்புவது எல்லாம் அவள் பொறுப்பு. டப்பாவில் தங்கையின் படத்தைப் போட்டதும் அவள்தான்.

திடீரென்று தொட்டிகள் சிவப்பதை நிறுத்திக்கொண்டன. பாசிக்காரி உப்பை நிறுத்தினாள், பச்சை அசையவில்லை. விளக்குகளை மாற்றினாள். குழாய்களைக் கழற்றித் தேய்த்தாள். புது விதைப் பாசி வாங்கி முதலிலிருந்து தொடங்கினாள். அதுவும் பச்சையாகவே நின்றது. ஒருநாள் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து விசும்பி அழுதாள்.

"எனக்கு வேலையே மறந்துபோச்சுக்கா."

அக்கா தலையைத் தடவிக்கொடுத்தாள். "விடுடி. இதை மீன் தீவனத்துக்குத் தள்ளிடுறேன். அடுத்த தடவை பாத்துக்கலாம்."

அடுத்த வாரம் ஒட்டும் டேப் தேடிப் பொட்டலம் கட்டும் அறைக்குப் போன பாசிக்காரி, பாத்திரம் நிறையச் சிவப்புப் பொடியைப் பார்த்தாள். தொட்டி பச்சை, பொடி சிவப்பு. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டாள். டம்ளர் முழுக்கச் சாயம் இறங்கியது. பாசியின் சிவப்பு எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் கரையாது.

அக்கா உள்ளே வந்தாள். டம்ளரைப் பார்த்ததும் கதவைச் சாத்தினாள்.

"கத்தாதே. சிவக்க விட்டா பாதிகூடத் தேறல. பச்சையா விட்டாத்தான் பொங்கிப் பொங்கி வருது. அதான் நீ கெளம்பினதும் தொட்டியில கொஞ்சம் உப்பு போட்டேன். பொடிக்குச் சாயம் ஏத்திக்கிட்டேன்."

"நீயா போட்ட?"

"வேற யாரு?"

சாயத்தைக்கூட அந்த நேரத்தில் அவள் மறந்துவிட்டாள். "என் மேலதான் தப்புன்னு அழுதேனேக்கா. தலையைத் தடவினியே. அப்பகூட வாய் வரலையா?"

அக்கா வேறு பக்கம் பார்த்தாள். "வெளிய சொன்னா மாட்டுறது நீதான். டப்பால இருக்கிறது உன் மூஞ்சி."

படம் போட்ட நாளில் தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் அதைக் காட்டிச் சந்தோஷப்பட்டவள் பாசிக்காரி.

அங்கேயே போனை எடுத்தாள். ஒவ்வொரு கடைக்காரரிடமும் ஒன்றையேதான் சொன்னாள்: "அது கலப்படம். விக்காதீங்க, திருப்பி அனுப்பிடுங்க." சிலர் திட்டினார்கள். ஒருவர், "இதை நீங்களே சொல்றீங்களாம்மா?" என்று கேட்டார். நாலாவது அழைப்பிலேயே அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தொழில் படுத்துவிட்டது. கிடங்கைக் காலி செய்து, வீட்டு மாடியில் ஒரே ஒரு தொட்டி வைத்துக்கொண்டாள். உப்பை நிறுத்தினாள். பாசி சொன்னபடி கேட்டுச் சிவந்தது. தன் மேல் தவறில்லை என்று உறுதியானபோது அவளுக்கு நிம்மதி வரவில்லை, அழுகைதான் வந்தது.

அம்மா போனில் கெஞ்சினாள். "கூடப் பொறந்தவடி. ஒரு வார்த்தை பேசேன்."

"பேசலாம்மா. ஆனா இனிமே அவ ஆறுதல் சொன்னா நான் எப்படி நம்புறது?"