மடிப்புக்கு அந்தப் பக்கம்

ஞாயிறு மாலை கணவன் எதிரே வந்து உட்கார்ந்ததும், அவள் அலுவலகத்திலிருந்து எடுத்துவந்த மடக்கு போனைப் பாதி திறந்து சாப்பாட்டு மேசையின் நடுவில் நிறுத்தினாள். குட்டி லேப்டாப் போல நின்றது. கீழ்ப்பாதி அவன் தட்டுவதற்கு. நிமிர்ந்து நின்ற மேல்பாதியின் முதுகில் இன்னொரு திரை, அவளைப் பார்த்தபடி. பேச முடியாதவர்களுக்கான செயலி அது. அதன் திரைகளையெல்லாம் வடிவமைத்தவள் அவள்தான்.

தொண்டையில் இருந்த கட்டியை எடுத்தபோது அவன் குரலையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். அதுவரை கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் போடுகிற சத்தத்தைக் கேட்டு மாணவர்கள் வைத்த பெயர் 'பிரேக் சார்'. வீட்டில் துண்டு கேட்டுக் குரல் கொடுத்தால் தெருவில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். இப்போது எதைச் சொல்வதென்றாலும் போனில் தட்டி, அவளிடம் நீட்டி, அவள் படித்து முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் நகைச்சுவை ஆறிப்போகும். கோபமும்தான். 'உன்னோட ஒழுங்கா ஒரு சண்டைகூடப் போட முடியல' என்று ஒருநாள் தட்டிக் காட்டினான். இருவரும் சிரித்தார்கள். பிறகு அவள் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். தட்டத் தட்ட எழுத்துகள் எதிர்ப்பக்கம் ஓட வேண்டும், பேச்சு போலவே, என்று அவள் ஆபீசில் பிடிவாதம் பிடித்தது அதனால்தான்.

"ம், ஏதாவது பேசு."

'மேடையில ஏத்திவிட்ட மாதிரி இருக்கு,' என்று அவள் பக்கத்தில் ஓடியது. 'மாடி வீட்டுக்காரர் இன்னைக்கும் வண்டிய குறுக்கால போட்டிருக்கார். இவனால கத்த முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு அவருக்கு.'

அவன் முடிப்பதற்குள் அவள் சிரித்துவிட்டாள். அவன் வியப்போடு நிமிர்ந்து பார்த்தான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு சரியான நேரத்தில் வந்த சிரிப்பு.

அந்தத் தெம்பில் அவள் கேட்டாள். "நாளைக்கு ஸ்கேன் ரிசல்ட் வாங்கப் போறப்ப நானும் வரட்டா?"

'எனக்கு ரொம்ப பயமா இருக்கு' என்று வந்தது. அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுத்துகள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. திரை வெறுமையானது. பிறகு, 'எதுக்கு வீணா லீவு போடற? நானே போய்ட்டு வந்துடறேன்.'

தட்டி முடித்துவிட்டு அவளைப் பார்த்துப் புன்னகைத்தான்.

இத்தனை நாளும் போனை நீட்டுவதற்கு முன்னால் இவன் எதையெதை அழித்தானோ? தெரியாததுபோல் இருந்துவிடலாம். ஆனால் அது ஒட்டுக்கேட்பதுதானே.

"நீ அழிச்சதுகூட எனக்குத் தெரிஞ்சுதுப்பா."

அவன் போனைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தான். முகம் கன்றிப்போனது. போனை அப்படியே மேசையில் விட்டுவிட்டு பால்கனிக்குப் போய்விட்டான்.

அவள் பின்னாலேயே போகவில்லை. எதையோ சொல்ல வந்து, தொண்டையிலேயே விழுங்கிக்கொள்ள எல்லோருக்கும் ஓர் இடம் இருக்கிறது. அவனுக்கு மிச்சமிருந்த அந்த இடத்தையும் நான்தான் பிடுங்கிவிட்டேன் என்று நினைத்தாள். லேப்டாப்பைத் திறந்து மாதிரிச் செயலியில் ஒரு பொத்தானைச் சேர்த்தாள். அதன்மேல் 'சொல்' என்று எழுதினாள். அதை அழுத்தும்வரை ஓர் எழுத்தும் எதிர்ப்பக்கம் போகாது. நாளைக்கு ஆபீசில், நன்றாக இருந்ததை ஏன் கெடுத்தாய் என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

பால்கனி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனிடம் போனைக் கொடுத்தாள். "இனிமே நீ இத அழுத்தினாத்தான் எனக்குத் தெரியும். முன்னாடியே யோசிச்சிருக்கணும். தப்புதான்."

அவன் எதையோ தட்டிவிட்டு முதுகுப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். அங்கே ஒன்றுமில்லை. தலையசைத்தான். பிறகு போனை முழுக்க விரித்து மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான்.

அவள் உட்கார்ந்தாள். தோள் உரசியது. இருவர் ஒரே பக்கம் உட்கார்ந்து பேசுவதற்கென்று அவள் எதையும் வரைந்திருக்கவில்லை.

அவன் தட்ட ஆரம்பித்தான். 'எனக்கு' என்று வந்தது. விரல் சற்றே நின்றது. அழிக்கப் போகவில்லை. அகன்ற திரையில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவிலிருந்த மடிப்பைத் தாண்டி, அவள் பக்கத்துப் பாதிக்கு வந்துகொண்டிருந்தன.