எடுத்துவிட்ட பாடம்

அறுவைச் சிகிச்சை அறையிலிருந்து வந்த இளம் டாக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தே பேசினார். “நம்பர் நாப்பத்தொண்ணு, எக்ஸ்பயர்டு. கூட வந்தவங்க யாரு?”

புள்ளியியல் பேராசிரியை எழுந்து நின்றாள். நாற்பத்தொன்று அவள் கணவர்.

“என்ன அண்ணி சொல்றாரு?” என்றாள் நாத்தனார். ‘எக்ஸ்பயர்டு’ என்ற வார்த்தையை அவள் மாத்திரை அட்டையில்தான் பார்த்திருக்கிறாள்.

“அண்ணன் போயிட்டாரு.”

நாத்தனார் அப்படியே தரையில் சரிந்தாள். டாக்டர் காட்டிய இடத்தில் பேராசிரியை கையெழுத்துப் போட்டாள். பேனாவை மறக்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து வேலைக்குப் போனாள். துக்கம் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில். வகுப்பில் கணக்கு ஒன்றும் பிசகவில்லை. சாப்பிட்டோமா இல்லையா என்பதைத்தான் வீட்டில் பாத்திரத்தைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

இறப்புச் சான்றிதழில் வயது தவறாக இருந்தது. திருத்த ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் அதே டாக்டர் எதிரே வந்தார். முகம் வெளிறி நின்றுவிட்டார்.

“மேடம், அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நான் வெளிய வந்து சொன்ன முதல் சாவு அது.”

“எங்க படிச்சீங்க?”

சொன்னார். அவளுடைய பல்கலைக்கழகம்தான்.

“வீட்டு ஆளுங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு பாடம் இல்லையா?”

“முந்தின பேட்ச் வரைக்கும் இருந்துச்சாம். அத எடுத்துட்டு புள்ளியியல் வச்சாங்க.”

அந்த மாற்றத்தை முடிவு செய்த பாடத்திட்டக் குழுவில் அதற்காகப் பேசியது அவள்தான். ‘அனுதாபத்தையெல்லாமா பல்கலைக்கழகம் சொல்லித் தரணும்? அது வீட்ல வர வேண்டியது’ என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பாடத்தின் இருபது மணி நேரம் புள்ளியியலுக்குக் கைமாறியது.

“எடுத்தது நான்தான்,” என்றாள்.



குழுவின் அடுத்த கூட்டத்தில் அந்தப் பாடத்தைத் திரும்ப வைக்கக் கேட்டாள். “நேரத்துக்கு எங்க போறது?” என்றார் தலைவர்.

“என் பாடத்துல எடுத்துக்குங்க.”

சொந்தத் துறைக்கே குழி பறிக்கிறாள் என்று உடன் வேலை பார்ப்பவர்கள் முணுமுணுத்தார்கள். இழுபறிக்குப் பிறகு பத்து மணி நேரம் கிடைத்தது. யார் நடத்துவது என்பது முடிவாகவில்லை.

சாயங்காலம் நாத்தனாரிடம் ஃபோனில் சொன்னாள்.

“இப்ப எதுக்கு அண்ணி அதெல்லாம்? அண்ணன் திரும்பி வரவா போறாரு?”

“வரமாட்டாரு.”

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைத்துவிட்டு வந்து ஃபோனை எடுத்தாள். நாத்தனார் இன்னும் வைக்கவில்லை.