வாசலில் காய்ச்சல் பார்க்கிறார்கள்

கூரிச்சிபா நகரப் பேருந்து நிலையத்துக் கழிவறையிலேயே இவோனெச்சி மகனின் வாயில் காய்ச்சலை இறக்கும் டிப்பிரோனா சொட்டு மருந்தை ஊற்றிவிட்டாள். ஏழு வயது கயீக்கி முகத்தைச் சுளித்தான். விடியற்காலையிலிருந்து அவன் உடம்பு அனலாய்க் கொதித்துக்கொண்டிருந்தது.

"யாராச்சும் கேட்டா என்னன்னு சொல்லணும்?" என்று அவனைக் கேட்டாள்.

"காய்ச்சல் இல்லன்னு."

"மாத்திச் சொன்னா?"

"வெளிய அனுப்பிருவாங்க."

"என் ராசா!"

வேறென்ன செய்வாள்? கயீக்கியைப் போல எலும்பு மஜ்ஜைக் கோளாறு உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கு ஆண்டுக்கொரு முறை நடக்கும் கூட்டம் இது. சின்னத் தொற்றைக்கூடத் தாங்காத பிள்ளைகள். அதனால் வாசலிலேயே காய்ச்சல் பார்த்துத்தான் விடுவார்கள். கூட்டத்தில் பேசி முடித்ததும், மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்யும் டாக்டர் தலீட்டா ஒவ்வொரு பிள்ளையாகப் பார்ப்பார். போன வருடம் மழையில் சாலை சரிந்து இவர்களால் வர முடியவில்லை. இந்த வருடமும் தவறினால் மகன் பிழைக்க மாட்டான் என்று அவள் பயந்தாள். மற்ற பிள்ளைகளை அவள் நினைக்கவில்லையா? நினைத்தாள். நினைத்ததைத் தூக்கி ஓரமாகப் போட்டாள்.

வாசலில் நின்ற பெண் கயீக்கியின் நெற்றியில் கருவியைக் காட்டினாள். "முப்பத்தாறரை டிகிரி, காய்ச்சல் இல்ல. உள்ள போ, தங்கம்!"

இவோனெச்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உள்ளே பக்கத்து நாற்காலிக்காரி நெவுசா, தன் மகளுக்கு முகக்கவசத்தைச் சரிசெய்தபடி, காப்பியும் சீஸ் ரொட்டியும் எடுத்துக் கொடுத்தாள். நல்ல மனுஷி.

டாக்டர் தலீட்டா ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இன்னிக்கு நான் சொல்றதுல இந்த ஒண்ண மட்டும் மறக்காதீங்க. நம்ம புள்ளைங்களுக்குக் காய்ச்சல் வந்தா வீட்ல டிப்பிரோனா குடுத்துட்டு உக்காரக் கூடாது. சூடு எறங்கும், கிருமி சாகாது. அது பாட்டுக்கு ரத்தத்துல பரவிக்கிட்டிருக்கும், நமக்குத்தான் தெரியாது. நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ஒரு மணி நேரத்துக்குள்ள கிருமியக் கொல்ற ஊசி ஏறணும். நாளைக்குப் பாக்கலாம்னு இருந்தா நாளைக்குப் புள்ள இருக்காது."

இவோனெச்சி மணி பார்த்தாள். விடியற்காலையில் கொதித்தது, இப்போது மதியத்தை நெருங்குகிறது. சொன்னால் மண்டபமே காறித் துப்பும், டாக்டரும் முகத்தில் விழிக்க மாட்டார். பேசாமல் நழுவி எங்காவது ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால்? இந்த ஊரில் எது எங்கே இருக்கிறது என்று அவளுக்கு என்ன தெரியும்! கயீக்கி அவள் தோளில் சாய்ந்தான். அவன் உதடு வெளுத்திருந்தது.

எழுந்தேவிட்டாள்.

"டாக்டரம்மா! நான் டிப்பிரோனா குடுத்துட்டேன். இவனுக்குக் காலைல காய்ச்சல்."

நெவுசா மகளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "அடிப்பாவி! இத்தன புள்ளைங்க நடுவுல கொண்டாந்து வெச்சிருக்கியே, நீயெல்லாம் ஒரு தாயா?"

நெவுசா கேட்டதில் என்ன தப்பு?

டாக்டர் மேடையிலிருந்து குதித்து இறங்கி வந்து பையன் முன்னால் மண்டியிட்டார். "எப்போலேருந்து கண்ணா காய்ச்சல்?"

கயீக்கி அம்மாவைப் பார்த்தான். பற்கள் கிடுகிடுத்தன. "காய்ச்சல் இல்ல."

"குளிருதா?"

"இல்ல."

"சொல்லுடா ராசா," இவோனெச்சி உடைந்து அழுதாள். "அம்மா சொல்லிக் குடுத்தது தப்பு. டாக்டரம்மா கேக்கறதுக்கு உள்ளத அப்படியே சொல்லு. காலைலேருந்துதானே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"காலைலேருந்து இல்ல. முந்தாநாளே குளிருச்சு. ராத்திரி தலகாணியக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். உனக்குத் தெரிஞ்சா பஸ்ஸுல ஏத்த மாட்டியேன்னுதாம்மா சொல்லல."

டாக்டர் அதற்குள் அவனை வாரித் தூக்கிக்கொண்டு, காரை எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டே வாசலை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தார்.