சத்து இறங்காத தண்ணீர்

மேச்சேரிக் காளி முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யலாம். இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொன்னதில்லை. மகன் சரவணமுத்து வாயில் விட்ட கிணற்றுத் தண்ணீரை, சாகக் கிடந்த செங்கோட்டையன் துப்பினார். அது கட்டிலைத் தாண்டி, வாசலைத் தாண்டி, வேலியோரம் கட்டியிருந்த கிடாயின் முகத்தில் போய் விழுந்தது. கிடாய் தும்மியது.

"ஆத்துத் தண்ணி கொண்டா" என்றார். "கரண்ட்டை எடுக்கறதுக்கு மிந்தி."

ஊரோரம் இருந்த சின்னக் காவிரி அணையில் மின்நிலையம் வைக்கலாமா என்று பார்க்க அதிகாரிகள் வரப்போவதாகக் கேள்விப்பட்ட நாளிலிருந்தே அவருக்கு இந்தப் பயம். கடைந்து வெண்ணெய் எடுத்தால் மிஞ்சுவது மோர். மின்சாரம் எடுத்தால் ஆறும் அப்படித்தானே? கடைசி வாய்க்குச் சக்கைத் தண்ணீர் ஊற்றினால், போகிற வழிக்குத் தெம்பு ஏது? அதிகாரிகள் அன்றைக்கென்று பார்த்து வந்துவிட்டார்கள்.

மகள் அத்தாயி சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"வெரசா வா புள்ள! மூச்சு இழுக்குது!" என்று பின்னாலிருந்து சரவணமுத்து கத்தினான்.

அணைமேல் அளவு நாடா நீண்டு கிடந்தது. மதகுகளை இறக்கியிருந்தார்கள், கீழே வெறும் பாறை. அத்தாயி அதிகாரிகளிடம் ஓடினாள்.

"ஏனுங்க, எடுத்துப் போட்டீங்களா?"

"எதையம்மா?" என்றார் தொப்பி போட்டிருந்த என்ஜினீயர்.

"கரண்ட்டைங்க. எங்கப்பனுக்கு இன்னும் உசுரு இருக்குதுங்க. ஒரு சொம்பு மொண்டுக்கறேன், அப்புறம் எடுத்துக்குங்க."

நாடா பிடித்திருந்தவன் சிரித்தான். என்ஜினீயர் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். அவர் ஆறு வரும் திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னும் தொடலைம்மா. மேல்பக்கம் இறங்கி மொண்டுக்க. டேய், நாடாவைச் சுருட்டு. அந்தம்மா போற வரைக்கும் யாரும் எதையும் அளக்கக் கூடாது."

திரும்பும்போது சொம்பின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டே ஓடினாள். வீட்டுக்குள் அழுகுரல் கிளம்பியிருந்தது.

"அட, சும்மா இருங்க. அவ வரட்டும்" என்று அதட்டியது செங்கோட்டையனேதான்.

ஒரு மடக்கு இறங்கியது.

"எப்படி இருக்குதுங்கப்பா?"

"சுருக்குங்குது சாமி" என்றார்.

அவள் இன்னொரு மடக்கு விட்டாள். அது கடைவாயில் வழிந்து தலையணையை நனைத்தது. முந்தானையால் துடைத்தாள். மிச்சத் தண்ணீர் இருந்த சொம்பைத் திரும்ப உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, யார் கேட்டும் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மேலே மேட்டூரில் மின்நிலையம் வந்து அப்போதே இருபது வருஷம். அந்த ஆறு அங்கே மின்சாரம் கொடுத்துவிட்டுத்தான் கீழே வந்துகொண்டிருந்தது.