முன்னால் 8,116 பேர்

கறுப்பு டையை மூன்றாவது முறையாக அவிழ்த்தபோது கிளிஃபர்டுக்கு முன்னால் 8,116 பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் செல்பேசிக்குள்ளேதான்.

லண்டன் தியேட்டர் பத்து மணிக்கு இணையத்தில் டிக்கெட் விற்பனையைத் திறந்திருந்தது. அக்கா மியூரியலின் சவப்பெட்டியோடு கார் பத்தே முக்காலுக்கு வரும். தகன மண்டபத்தில் பதினொன்றரைக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். பத்தொன்பது நாள் காத்திருந்து கிடைத்த நேரம். கிரிம்ஸ்பி ஊரில் செத்த பிறகும் வரிசைதான்.

பக்கத்து வீட்டு டோரீன் சாண்ட்விச்சுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குப் போய் இது தேவையா கிளிஃப்?"

"தேதி சொன்னது அக்காதான்."

கல்யாணம் ஆகாத அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, பதினோரு வருடமாக அந்த லண்டன் இசை நாடகத்துக்குப் போகத் திட்டம் போட்டார்கள். எந்த ரயில், எந்த ஓட்டல், எந்தப் பக்கத்து ஜன்னல். இடைவேளையில் ஐஸ்கிரீமா தேநீரா என்பதில் ஒரு வருடம் இரண்டு நாள் பேச்சுவார்த்தையே இல்லை. பிறகு அவள் முழங்கால், பூனைக்கு ஆபரேஷன், ரயில் வேலைநிறுத்தம் என்று ஏதாவது வந்துவிடும். எதுவும் வராத வருடங்களில் கிளிஃபர்ட் ஒரு இருமலை வரவழைத்துக்கொள்வார். லண்டன் பாதாள ரயிலின் நகரும் படிக்கட்டு என்றால் பயம் என்று சொல்ல, அறுபத்தோரு வயதில் யாருக்கு வாய் வரும்?

ஜனவரியில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "இந்த வருஷம் உன் இருமலுக்கு லீவு குடுடா. மார்ச் பத்தாம் தேதி காலையில பத்து மணிக்கு டிக்கெட் விக்கிறாங்க. நான் இருந்தாலும் இல்லாட்டியும் நீ போற. காசைக் கட்டிட்டாத்தான் நீ பின்வாங்க மாட்டே."

இருமல் விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

வாசலில் ஈமக் காரியக்காரர் ஹெப்பிள் உயரத் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"புறப்படலாமா சார்?"

"ஒரு வரிசையில நிக்கிறேன்."

ஹெப்பிள் செல்பேசியை எட்டிப் பார்த்தார். "முன்னாடி எத்தனை பேரு?"

"அறுநூத்தி நாப்பது."

"அடடா, இவ்வளவு தூரம் வந்துட்டு விட்டுடாதீங்க. நான் கொஞ்ச தூரம் கூடுதலாவே முன்னாடி நடந்து வரேன். வண்டி மெதுவாத்தான் போகும்."

இறந்தவருக்கு மரியாதையாக, பெட்டி இருக்கும் வண்டிக்கு முன்னால் தெருமுனை வரைதான் அவர் நடப்பது வழக்கம். அன்று மீன் சந்தை வரை நடந்தார். பின்னால் அக்காவின் கார். அதற்கும் பின்னால் இன்னொரு காரில் கிளிஃபர்டும் டோரீனும். சாலையோரம் ஒரு ஆள் தொப்பியைக் கழற்றியபோது செல்பேசி துள்ளியது. கிளிஃபர்டின் முறை. வாங்கி முடிக்கப் பத்து நிமிடம்.

ஒரு இருக்கையைத் தொட்டார். சிவப்பில் எழுத்து வந்தது: பக்கத்தில் ஒரு இருக்கையைத் தனியாக விட்டுவைக்க அனுமதி இல்லை. வேறொன்றைத் தொட்டார். அதே சிவப்பு. மிச்சமிருந்ததெல்லாம் ஜோடி ஜோடியாகவே இருந்தது.

"என்னப்பா சொல்லுது?"

"ஒத்தையா விட்டுட்டுப் போகக் கூடாதாம்."

"யாரை?"

"நாற்காலியை."

டோரீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அப்ப ரெண்டா வாங்கிடு."

"யாரு வருவா? நீ வர்றியா?"

"நானா? நல்லா பேசிக்கிட்டு இருக்கிறவன் திடீர்னு பாட ஆரம்பிச்சா எனக்கு எந்திரிச்சு ஓடணும்போல இருக்கும்."

அவர் சிரிக்கப் பார்த்தார். முன்னால் போன காரின் கண்ணாடி வழியே வெள்ளைப் பூக்கள் ஆடிக்கொண்டிருந்தன. இரண்டரை நிமிடம் பாக்கி. தொண்டையில் ஒரு இருமல் வந்து நின்றது. அசல் இருமலா அந்த இருமலா என்று அவருக்கே தெரியவில்லை. அதை விழுங்கிவிட்டு, இரண்டு இருக்கைகளைத் தொட்டு, காசைக் கட்டினார்.

'உற்சாகமாக இருக்கிறீர்களா, கிளிஃபர்ட்?' என்று கேட்டது செல்பேசி. அதை அணைத்துவிட்டார்.

மண்டபத்தில் ஜனங்கள் வழக்கம்போலக் கடைசியிலிருந்து நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மியூரியலோடு பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் சுவரோரம். ஹெப்பிள் கையை நீட்டினார்.

"முன் வரிசை குடும்பத்துக்கு சார்."

பத்து நாற்காலிகள். கிளிஃபர்ட் ஒன்றில் உட்கார்ந்தார். கூடவே வந்த டோரீன் நின்று யோசித்தாள்.

"குடும்பத்துக்குன்னு சொல்லிட்டாங்களே," என்று முணுமுணுத்துவிட்டு, நேர் பின்னால் இரண்டாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

ஆர்கன் இசை ஒலிக்கத் தொடங்கியது. அவர் தோளுக்கு மேல் ஒரு கை வந்தது. உள்ளங்கையில் ஒரு புதினா மிட்டாய். கைப்பையில் எத்தனை மாதம் கிடந்ததோ, பஞ்சு ஒட்டியிருந்தது. பஞ்சோடு வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"கடிச்சிடாதே," என்றது பின்னாலிருந்து ரகசியக் குரல். "சத்தம் கேட்கும்."

அவர் கடிக்கவில்லை.