ஹாகமன் எழும்பினாரா?

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: லோரென்ஸ் ஹாகமன் என்றொருவர் ஜெர்மனியில் பிறக்கவேயில்லை. 1991 ஐப்பசியில், லண்டன் குட்மேய்ஸில், ஓய்வுபெற்ற தபால்காரனான என் தலையில்தான் பிறந்தார். செபமாலைமுத்துவைப் பார்த்துச் செய்தேன். எங்கள் ஞாயிறு தமிழ்ப் பள்ளிக் கமிட்டியில் ஒரே கத்தோலிக்கர் அவர். ஆறு வருடமாக ஒற்றை ஆள் எதிர்க்கட்சி.

2

[பெர்லின் நகரைப் பனி மூடியிருந்தது. அப்போது ஒரு] வேண்டாம். எல்லாக் கதையிலும் பனி பெய்கிறது.

ஹாகமன் மூன்றரை அடி உயரம். (சரி, ஐந்தடி.) பாராளுமன்றத்தில் எழும்பி நின்று வாக்களிக்க வேண்டும், அவர் எழும்பினாரா, இருந்தாரா என்று பார்க்கச் சபாநாயகர் தொலைநோக்கி வைத்திருந்தார். கத்தோலிக்கப் பாதிரிமாரைச் சிறையில் போட்ட சான்சலரை, அதாவது ஜெர்மனியின் பிரதமரை, ஹாகமன் நாளுக்கு நாற்பது தடவை எதிர்த்தார்.

1878இல் சான்சலர் அவரைத் தனியே அழைத்தார். "சோசலிஸ்டுகளைத் தடைசெய்யும் சட்டத்துக்கு எழும்புங்கள். உங்கள் பாதிரிமாரை விட்டுவிடுகிறேன்."

ஹாகமனைத் தினமும் கேலிசெய்தவர்கள் அந்தச் சோசலிஸ்டுகள்தான். ஆகவே அவர் துள்ளி எழும்பினார் என்று எழுதி, செபமாலைமுத்துவிடம் காட்டினேன்.

3

"இந்த ஆள் அப்பிடிச் செய்யமாட்டார், அண்ணை."

"உமக்கெப்பிடித் தெரியும்? நான் பெத்த பிள்ளை."

"பிள்ளை உங்கடைதான். மூக்கு என்ரை."

பிறகுதான் சொன்னார். கமிட்டித் தலைவர் பரமேஸ்வரன் அவரிடமும் ஒரு பேரம் பேசியிருந்தார். கமிட்டியில் குறை சொல்லிக் கவுன்சிலுக்குப் பெட்டிசம் போட்ட யோகலிங்கத்தைக் கமிட்டியிலிருந்து நீக்கக் கை தூக்கினால், இயேசு பிறந்த கதையைப் பிள்ளைகள் நடிக்கும் நத்தார் நாடகம் மறுபடி விழாவில் இடம்பெறும். அந்த நாடகத்தை ஆறு வருடத்துக்கு முன் வெட்டியவரே யோகலிங்கம்தான்.

"பேந்தென்ன, தூக்கும் கையை."

"பெட்டிசக்காரரைக் கலைக்கிறதெண்டால் நான் எப்பவோ போயிருக்க வேணும்."

4

ஞாயிற்றுக்கிழமைக் கமிட்டிக் கூட்டத்தில், யோகலிங்கத்தை நீக்கச்சொல்லி எழுநூறு கைகள் எழுந்தன. (ஏழு.) வேண்டாமென்று மூன்று: யோகலிங்கம், செபமாலைமுத்து, நான். என் கை ஏன் எழும்பியதென்று ஹாகமனைத்தான் கேட்க வேண்டும்.

வாசலில் யோகலிங்கம் கோட்டுப் பொத்தானைப் பூட்டியபடி செபமாலைமுத்துவை மறித்து நின்றார்.

"உம்மடை நாடகம் இனி இல்லை. தெரியுந்தானே?"

"ஓம்."

"நல்லதுதான். ஒண்டரை மணித்தியாலம். அதிலை ஆடு மட்டும் இருபது நிமிசம் கத்தினது."

"ஆடு என்ரை மகள்."

ஸ்டேஷன்வரை இருவரும் சண்டை பிடித்துக்கொண்டே போனார்கள். ஒருவரும் முந்தி நடக்கவில்லை.

5

எனவே திருத்துகிறேன்: ஹாகமன் இருந்த இடத்திலேயே இருந்தார். சட்டம் நிறைவேறியது, பாதிரிமார் சிறையிலேயே. வெளியே வந்தால், படியில் ஒரு சோசலிஸ்ட் தொப்பியோடு காத்து நிற்கிறார், வாய் திறக்கிறார்.

இனி உங்கள் பாடு. பேனையைப் பிடியுங்கள். நன்றி மட்டும் சொல்ல வைக்காதீர்கள், ஹாகமன் கூச்சப்படுவார்.