ஓடுபாதை மூடியிருந்த ஆறு நாட்கள்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் செவி என்றுதான் கூப்பிட்டார்கள். பாம்புச்செவி என்பதன் சுருக்கம். மூன்று அறை தள்ளிக் குழாய் சொட்டினாலும் எழுந்துபோய் இறுக்கிவிட்டு வந்து உட்காருவாள். பிழைப்பும் காதை வைத்துத்தான். சாலை, ஆலை, ரயில் பாதை என்று எங்கே இரைச்சலோ அங்கே ஒலிமானியை நிறுத்தி, அளந்து, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். அந்தக் கையெழுத்துக்கு அரசாங்க உரிமம் உண்டு.

ஊர் விமான நிலையத்தை விரிவாக்கலாமா வேண்டாமா என்று கணக்குப் பார்க்கும் பொறுப்பு அவர்கள் நிறுவனத்துக்கு வந்தது. ஓடுபாதையை எண்ணூறு மீட்டர் நீட்டினால் பெரிய விமானங்கள் இறங்கும். சரக்கு போகும், வேலை கிடைக்கும். அதெல்லாம் ஒரு பக்கம். நிலம், கான்கிரீட், புகை, சத்தம் இன்னொரு பக்கம். குழுத்தலைவருக்குத் தராசு என்று பட்டப்பெயர். ரெண்டு பக்கமும் வைத்துப் பார்க்காமல் மனிதர் ஒரு குடைகூட வாங்கமாட்டார்.

தராசு மேஜையில் வரைபடத்தை விரித்தார். ஓடுபாதையைச் சுற்றி முட்டை வடிவத்தில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்குள் இருக்கும் வீடுகளில் சராசரிச் சத்தம் அறுபத்தைந்து டெசிபலுக்கு மேல். அவற்றை விமான நிலையமே விலைக்கு வாங்க வேண்டும், இல்லை இரட்டைக் கண்ணாடி போட்டுத் தர வேண்டும்.

"கோடு கம்ப்யூட்டர் போட்டது. நேர்ல போய் சரிபார்க்கணும்" என்றார். "ஏழு இடம். ஆறு இடத்துல பிரச்சனையில்ல. இந்த நாலாவது இடம்தான் விளிம்புல நிக்குது. அறுபத்துநாலு வீடு. வெளிய போச்சுன்னா, நூறு ரூபா செலவுக்கு நூத்தி இருபத்தாறு ரூபா பலன். உள்ள வந்துச்சுன்னா நூத்தி ரெண்டு. மொத்தத் திட்டமும் மூச்சு வாங்கும். அதனால அங்க நீயே போம்மா."

செவி குனிந்து பார்த்தாள். அந்த இடம் அவளுக்குத் தெரியும். அந்த அறுபத்துநாலு வீடுகளையும் கட்டியவன் அவளுடைய பழைய கணவன்.

அதை அவள் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "சரி சார்" என்று வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டாள். அவள் நெஞ்சுக்குள் ஒன்பது வருடமாகக் கனன்றுகொண்டிருந்த ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். ஓடுபாதையின் முனைக்கு நேரே அவன் மலிவாக நிலம் வாங்கிப் போட்டிருந்தான். அங்கே வீடு கட்ட அனுமதி வேண்டுமென்றால் சத்தம் ஐம்பத்தைந்துக்குள் என்று சான்றிதழ் வேண்டும். ஆறு நாள் அளவை, உரிமம் உள்ளவர் நேரில் இருந்து எடுக்க வேண்டும். "வீட்டுலயே ஆள் இருக்கும்போது வெளிய எதுக்குப் போகணும்?" என்றான். கருவியை அங்கே வைத்த அன்றைக்குச் சாயங்காலமே இரண்டு ரயில் டிக்கெட்டைக் காட்டினான். "கல்யாணமாகி எங்கயுமே போகலையே. கருவி தன்னால பதிஞ்சுக்கும். வா."

போனாள். ஒரு ஏரிக்கரை விடுதி. ஆறு நாளும் அவன் அவளைத் தரையில் விடாத குறை. திரும்பி வந்து பார்த்தபோது கருவி ஐம்பத்தொன்று காட்டியது. 'நேரில் இருந்து அளந்தேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

வீடுகளில் ஆட்கள் குடியேறிய முதல் மாதமே சான்றிதழில் இருந்த அவள் பெயருக்குப் புகார் கடிதம் வந்தது. போய்த் தெருவில் நின்றாள். தலைக்கு மேலே விமானம் போனபோது பல்லெல்லாம் கூசியது. வீட்டுக்கு வந்து கேட்டாள். அவன் மறைக்கக்கூட இல்லை.

"அந்த ஆறு நாளும் ஓடுபாதைக்கு மறு தார் போட்டாங்க. ஒரு விமானமும் வரல."

"தெரிஞ்சுதான் கூட்டிட்டுப் போனீங்களா?"

"கையெழுத்து உன்னோடது. நேர்ல இருந்தேன்னு எழுதினவ நீ. வெளிய சொன்னா உள்ள போறது யாருன்னு யோசிச்சுக்கோ."

இரண்டு வருடத்தில் வீடு விற்கும் அலுவலகத்தில் இருந்த ஒருத்தியோடு போய்விட்டான். குடியிருந்த வீட்டில் அவள் பாதி கேட்டபோது வக்கீல் மூலமாக அந்தச் சான்றிதழின் நகலை மட்டும் அனுப்பி வைத்தான். ஒரு வரிகூட எழுதவில்லை. செவி வாயை மூடிக்கொண்டு ஒரு பெட்டியோடு வெளியே வந்தாள். பெட்டியை விடக் கனமாக இருந்தது அந்த ஏரிக்கரை. தன்னை அவன் கொஞ்சிய ஒவ்வொரு மணி நேரமும் கருவி ஓடிய மணி நேரம் என்று நினைக்கும்போதெல்லாம் உடம்பு பற்றி எரிந்தது.

நாலாவது இடத்தில், ஐந்து மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் அவள் ஒலிமானியின் முக்காலியை விரித்துக்கொண்டிருந்தபோது அவனே வந்தான். தலையில் முடி குறைந்திருந்தது. வாசனைத் தைலம் மட்டும் அதே.

"நீதான் வருவேன்னு சொன்னாங்க. நல்லதாப் போச்சு." சுற்றுச்சுவரில் சாய்ந்துகொண்டான். "இன்னும் பத்தொன்பது வீடு விக்காம என் தலையில கிடக்கு. சத்தத்துக்குப் பயந்து ஒருத்தனும் வரமாட்டேங்கிறான். கோட்டுக்குள்ள வந்துட்டா விமான நிலையமே வாங்கிக்கும். கிழக்கு மூலையில வை, நல்லாக் காட்டும்."

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி கம்மியாக் காட்ட வச்சீங்க."

"பழசையெல்லாம் மனசுல வச்சுக்காத. அப்ப பிழைப்பு அப்படி. இப்ப நான்தான் குடியிருப்போர் சங்கத் தலைவர். இந்த ஜனங்களுக்காகத்தான் கேக்கறேன்."

அவன் இறங்கிப் போனதும் செவி மொட்டைமாடியைச் சுற்றிப் பார்த்தாள். நடுவில் ஆளுயரக் கான்கிரீட் தண்ணீர்த் தொட்டி. முக்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அதன் பின்னால் வைத்தாள். தொட்டி சத்தத்தை மறைத்தது. விமானம் ஒன்று இறங்கியது. சராசரி எண் அறுபத்தொன்றில் நின்றுகொண்டது.

அறுபத்தொன்று. கோட்டுக்கு வெளியே. பத்தொன்பது வீடும் ஜென்மத்துக்கும் அவன் தலையில். செவிக்குச் சிரிப்பு வந்தது. யாரும் இல்லாத மொட்டைமாடியில் வாய்விட்டே சிரித்தாள். அன்றைக்கு முழுவதும் கருவி அங்கேயே ஓடியது. சாப்பாடு வழக்கத்தைவிட ருசித்தது.

மறுநாள் பகலில் துணி காயப்போட ஒரு பெண் வந்தாள். மூன்றாவது மாடியில் இருக்கும் நர்ஸ். இரவு வேலை, பகலில் தூங்க வேண்டியவள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. காதுகளில் பஞ்சு. ஒரு காதிலிருந்து அதை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"எவ்வளவு காட்டுது மேடம்?"

"அறுபத்தொண்ணு."

"அவ்வளவுதானா?" நர்ஸ் ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கருவியையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அதை ஏன் ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"வெயில். கருவிக்கு ஆகாது."

"ஓ." அவள் நம்பவில்லை. "என் படுக்கைக்கு வெயிலும் கிடையாது, தொட்டியும் கிடையாது. அங்க ஒரு தடவை வச்சுப் பாருங்க." துணியை உதறிப் போட்டுவிட்டு, பஞ்சைத் திரும்பக் காதில் அடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

செவி வெகுநேரம் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தாள். அவன் மேலிருந்த ஆத்திரம் ஒரு துளி குறையவில்லை. ஆனால் தான் செய்துகொண்டிருப்பது என்ன என்று நர்ஸ் பட்டென்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவன் இவளை வைத்துச் செய்ததை, இன்றைக்கு இவள் தன் கையாலேயே செய்துகொண்டிருந்தாள். அதே தெரு, அதே ஜனங்கள்.

எழுந்து முந்தின நாள் பதிவை அழித்தாள். முக்காலியை வெட்டவெளிக்கு மாற்றினாள். ஏழு நாள் கழித்து அது அறுபத்தெட்டு என்றது.

கோட்டுக்குள் வந்துவிட்டது. அப்படியென்றால் அவனுக்குப் பத்தொன்பது வீட்டுக்கும் பணம். அந்த நினைப்பில் செவிக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், ஆய்வுக்கான அனுமதிக் கடிதத்தோடு விமான நிலையத்தின் பழைய பதிவேடுகள் இருந்த அறைக்குப் போனாள். ஒன்பது வருடத்துக்கு முந்தின பதிவேட்டைக் கேட்டாள். எழுத்தர் ஏணி போட்டு ஏறித் தும்மிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

'ஓடுபாதை மறு தார். ஆறு நாள் மூடல். விமானம் இல்லை.' தேதிகள் அவள் சான்றிதழின் தேதிகளேதான். அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். பக்கத்தைத் திருப்பியபோது எதிர்பாராத ஒன்று கிடைத்தது. சுற்றுவட்டாரத்தில் உயரமான கிரேன் வைத்திருந்த கட்டடக்காரர்களுக்கெல்லாம் மூடலைப் பற்றி மூன்று வாரம் முன்பே அறிவிப்புப் போயிருந்தது. விமானம் இல்லாத நாட்களில் கிரேனை முழு உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று. பெற்றுக்கொண்டதற்கு வரிசையாகக் கையெழுத்துகள். நாலாவது கையெழுத்தில் அவள் விரல் நின்றது. கல்யாணப் பதிவேட்டில் தன் பெயருக்குப் பக்கத்தில் பார்த்த அதே கிறுக்கல்.

நகல் எடுத்துக்கொண்டு நேரே தராசிடம் போனாள். ஏரிக்கரை முதல் தண்ணீர்த் தொட்டி வரை ஒன்றையும் விடாமல் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இதை வெளிய விட்டா உன் உரிமமும் போகும். தெரியுமா?"

"தெரியும் சார்."

"அதுக்கு என்ன மதிப்பு போடட்டும்?"

"பூஜ்யம் போட்டுக்கோங்க."

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"பயம்."

"இப்ப பயமில்லையா?"

"இப்பவும் பயம்தான். ஆனா அவன் முகம் போற போக்கை நான் பாக்கணும்."

தராசு எடை போட ஒன்றும் மிச்சமில்லாதவர்போல அவளைப் பார்த்தார். "அந்த இடத்தோட அளவை நீ எடுத்தது செல்லாது. நாளைக்கே வேற ஆளை அனுப்பறேன். அவனும் அறுபத்தெட்டுன்னா மேல பேசலாம்" என்றார். வேறு ஆள் போனான். அறுபத்தெட்டுதான்.

பொது விசாரணை நகராட்சி மண்டபத்தில் நடந்தது. மேடையில் மூன்று அதிகாரிகள். கீழே நாற்காலி போதாமல் சுவரோரம் ஜனம். சங்கத் தலைவர் என்று அவனை முதலில் பேசக் கூப்பிட்டார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு எழுந்தான்.

"ஐயா, எங்க ஜனங்களுக்குத் தூக்கம்னா என்னன்னே மறந்துபோச்சு. குழந்தைங்க படிக்க முடியல. அறுபத்துநாலு வீட்டையும் கணக்குல சேர்க்கணும்."

கைதட்டினார்கள். அதிகாரி, நிறுவனத்தின் சார்பில் வந்திருந்த செவியைப் பார்த்தார். அவள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தச் சத்தம் எப்பலேர்ந்து இருக்கு?"

"முதல் நாள்லேர்ந்தே இருக்கு" என்றான் அவன், கூட்டத்தைப் பார்த்து.

"வீடு கட்டறதுக்கு முன்னாடியே?"

"விமான நிலையம் இங்க முப்பது வருஷமா இருக்கும்மா." கொஞ்சம் சிரிப்பு எழுந்தது.

"அப்ப இந்தச் சான்றிதழ் ஐம்பத்தொண்ணுன்னு சொல்லுதே? இதைக் காட்டித்தானே இவங்களுக்கு வித்தீங்க?"

சிரிப்பு நின்றது. அவன் ஒரு கணம்தான் தடுமாறினான். பிறகு அவளை நோக்கி விரலை நீட்டினான். "அதுல இருக்கறது உன் கையெழுத்து."

"ஆமா. என் கையெழுத்துதான். நேர்ல இருந்து அளந்தேன்னு எழுதினது பொய். அதுக்கு என்ன தண்டனையோ நான் வாங்கிக்கறேன்." செவி அடுத்த தாளைத் தூக்கிப் பிடித்தாள். "இது அந்த ஆறு நாளும் ஓடுபாதை மூடியிருக்கும்னு மூணு வாரம் முன்னாடியே வந்த அறிவிப்பு. கீழ இருக்கறது உங்க கையெழுத்து."

அவன் முகத்தை அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். முதலில் காது சிவந்தது. பிறகு உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பின்வரிசையில் ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பிறகு எல்லோரும் எழுந்தார்கள். காவலர்கள் அவனைப் பக்கவாசல் வழியாகக் கூட்டிப் போனார்கள். சட்டையின் மடிப்பெல்லாம் போயிருந்தது.

செவி நடைபாதைக்கு வந்தபோது நர்ஸ் அங்கே நின்றிருந்தாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்ததை நினைத்துச் செவி பிற்பாடு பலமுறை கூசினாள்.

"எட்டு வருஷம் நாங்க காதுல பஞ்சு வச்சிருந்தோம்" என்றாள் நர்ஸ். "நீங்க எங்க வச்சிருந்தீங்க? வாயிலயா?"

நர்ஸ் பதிலுக்காக நிற்கவில்லை.

தீர்ப்பு இரண்டு மாதத்தில் வந்தது. தெரிந்தே ஏமாற்றியவனுக்கு இழப்பீடு கிடையாது என்று அவனுடைய பத்தொன்பது வீடுகளையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால் செலவு குறைந்து, பலன் நூற்றி ஒன்பதுக்கு ஏறி, விரிவாக்கம் நிறைவேறிவிட்டது. மற்ற நாற்பத்தைந்து வீட்டுக்காரர்களில் பாதிப்பேர் பணம் வாங்கிக்கொண்டு போனார்கள். நர்ஸும் போனாள். எல்லோரும் சேர்ந்து அவன் மேல் வழக்குப் போட்டார்கள். செவியின் உரிமத்தை மூன்று வருடத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். தராசு அவளைப் பழைய அறிக்கைகளைத் திருத்தும் மேஜைக்கு மாற்றினார். சம்பளம் பாதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அவன்தான்.

"வீட்டை வித்தாச்சு. ஆபீசும் போச்சு. அவளும் அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா. விக்காத வீட்டுல ஒண்ணுல வந்து கிடக்கறேன்." மூச்சு வாங்கினான். "இப்ப உனக்குத் திருப்தியா?"

செவி உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். மனதுக்குள் துழாவினாள்.

"பத்தல" என்றாள்.

மறுமுனையில் சன்னலெல்லாம் கடகடவென்று ஆட, பெரிய விமானம் ஒன்று இறங்கும் இரைச்சல் கேட்டது. முழுதாகக் கடந்துபோக வெகுநேரம் பிடித்தது.

"என்ன சொன்ன?" என்று கத்தினான் அவன். "ஒண்ணும் கேக்கல. சத்தமாச் சொல்லு!"

அவள் தட்டை நகர்த்திவைத்துவிட்டு, எழுந்து நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னாள்.